சம்பந்தி காரில் சாம்பார்!

காருக்கு நான்கு சக்கரம் இருப்பது ஓடுவதற்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை சார்! அது சம்பந்தி காராக இருந்தால், நம்மைத் துரத்துவதற்காக!

விஷயம் இதுதான். என் பெண்ணின் மாமனார், அதாவது என் சம்பந்தி, அமெரிக்காவில் இருக்கும் இளைய பிள்ளையைப் பார்க்க ஒரு மாசம் கிளம்பினார். போகும்போது கார் சாவியை என் கையில் கொடுத்து, "சும்மா நிறுத்தி வெச்சா பாட்டரி இறங்கிடும். வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடுங்க சம்பந்தி" என்றார். நாலு அடி போய்த் திரும்பி வந்து, "சீட்டெல்லாம் அசல் தோல். க்ரீம் கலர். அது மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

அந்த 'கொஞ்சம்...'தான் இந்தக் கட்டுரையின் வில்லன்.

முதல் சிக்கல் என் அம்மா. வயது எண்பத்திரண்டு. பூஜை அறைக்குள் நுழைய வேண்டுமானால் நான் மணிபர்ஸையும் பெல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வாட்ச் கட்டியிருந்தால், அதன் வார் தோலா பிளாஸ்டிக்கா என்று விசாரணை நடக்கும். அப்பேர்ப்பட்டவள் கார் கதவைத் திறந்தாள், மூக்கைச் சுருக்கினாள்.

"என்னடா வாசனை இது?"

"தோல் சீட்டும்மா. ரொம்ப உசத்தி."

"செத்த மாட்டுத் தோல் மேல உட்கார்ந்துண்டு கோயிலுக்குப் போறதா? நன்னாயிருக்கு!"

நேராக உள்ளே போனாள். ஒரு கெட்டியான வெள்ளைத் துண்டை எடுத்து வந்து பின் சீட்டின் இடது பக்கத்தில் விரித்தாள். நான்கு மூலையையும் இழுத்துச் செருகினாள். அதன் மேல் உட்கார்ந்தாள். "ம்... போகலாம்."

போனோம். திருத்தணிக்கு. சுவாமி தரிசனம் எல்லாம் திவ்யமாக முடிந்தது. திரும்பும்போது ஒரு ஸ்பீடு பிரேக்கர். முன்னறிவிப்பு, வெள்ளைக் கோடு எதுவும் கிடையாது. கார் ஒரு குதி குதித்தது. பின் சீட்டில் இருந்த எவர்சில்வர் தூக்கும் கூடவே குதித்தது. உள்ளே சாம்பார் சாதம்.

க்ரீம் கலர் சீட்டில் சாம்பார் எப்படி இருக்கும் என்று நான் வர்ணிக்க வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியில் வெள்ளை வேஷ்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வைத்தியம் மூன்று

முதல் வைத்தியம் என் சகதர்மிணியுடையது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு, நைலான் பிரஷ், ஒரு வாளித் தண்ணீர். இருபது நிமிஷம் தேய்த்தாள். சாம்பாரின் நிறம் குறைந்தது. சீட்டின் பளபளப்பும் குறைந்தது. கையால் தடவினால் சொரசொரவென்று அப்பளம் மாதிரி இருந்தது.

இரண்டாவது வைத்தியம் எதிர் வீட்டு ரிட்டயர்டு எஞ்சினியருடையது. வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "சிம்பிள் லாஜிக் சார். இது தோல். நம்ம உடம்பும் தோல். பனிக்காலத்துல தோல் வறண்டா நாம என்ன பண்றோம்? தேங்காய் எண்ணெய் தடவறோம். அதேதான்!" லாஜிக்கில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அரைக் கிண்ணம் தடவினேன்.

மூன்றாவது வைத்தியம் அடியேனுடையது. எண்ணெய் நன்றாக ஊறட்டும் என்று கதவைத் திறந்து வைத்து, காரைக் கொளுத்தும் வெயிலில் நிறுத்தினேன்.

சாயந்திரம் போய்ப் பார்த்தால், சீட்டின் நடுவில் பழுப்பு நிறத்தில் ஆஸ்திரேலியா மேப்! கீழே டாஸ்மேனியா கூடத் தனியாகத் தெரிந்தது. அதை நோக்கி எறும்புகள் வரிசையாகக் குடியேறிக்கொண்டிருந்தன.

சம்பந்தி வர ஆறு நாள் இருந்தது. கார் அலங்காரக் கடை ஒன்றுக்கு ஓடினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "முழு செட்டையும் மாத்திடுங்க சார்" என்று ஒரு தொகை சொன்னார். அது என் நாலு மாசப் பென்ஷன். "இல்லேன்னா மேல ஒரு கவரைப் போட்டு மூடிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். சம்பந்திக்குத் தெரியாமல் மூடி வைப்பது என்றால் அதற்கு என் பெண்ணும் உடந்தை ஆக வேண்டும். வாழப் போன வீட்டில் அவளைப் பொய் சொல்ல வைப்பதா? ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடிகாலையில்தான் பாய் ஞாபகம் வந்தது. என்னோடு ஒரே செக்‌ஷனில் இருபத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர். சொந்த ஊர் ஆம்பூர். ரிட்டயரானதும் அங்கேயே போய்விட்டார். போன் போட்டுக் கதையைச் சொன்னேன்.

"ஏன்யா, பல் வலின்னா பல் டாக்டர்கிட்ட போவியா, எதிர் வீட்டுக்காரர்கிட்ட போவியா? தோலை வெச்சுக்கிட்டு மெட்ராஸ்ல உக்காந்திருக்கே! கிளம்பி வாய்யா ஆம்பூருக்கு!"

பாலாறு வருதா?

சென்னையிலிருந்து ஆம்பூர் ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. ஆகவே அவளும் ஏறினாள், துவைத்து உலர்த்திய அதே துண்டோடு. பக்கத்தில் ஆஸ்திரேலியா. அதற்கு அந்தப் பக்கம் ஓரமாக ஒடுங்கிக்கொண்டு என் சகதர்மிணி.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, காஞ்சிபுரம் விலக்கு தாண்டி, வாலாஜா நெருங்கியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாலாறு வந்தா சொல்லுடா."

அம்மா பிறந்தது வாலாஜா பக்கம், ஆற்றங்கரையை ஒட்டி ஒரு கிராமம். அந்தக் கதையை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். பாலாற்றில் தண்ணீர் மேலே ஓடாது, மணலுக்கு அடியில் ஓடும். குழந்தைகள் கையாலேயே மணலைத் தோண்டுவார்கள். முழங்கை ஆழத்தில் ஊற்று சுரக்கும். முதலில் கலங்கலாக வரும், அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் கண்ணாடி மாதிரித் தெளியும். "இளநீர் தோத்துப் போகும்டா" என்பாள்.

பாலம் வந்தது. மணல், முட்புதர், நடுவில் ஒரு கோடு மாதிரித் தண்ணீர். 2021 நவம்பரில் இதே ஆற்றில் வெள்ளம் கரை புரண்டது என்று சொன்னால் நம்ப முடியாது. அம்மா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். "ஓரமா நிறுத்தேன்" என்றாள். பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. "வரும்போது நிறுத்தறேம்மா."

இந்த ராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரிசைக்கும் தோலுக்கும் உள்ள சம்பந்தம் நேற்று வந்ததல்ல. அந்தக் காலத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டைதான் முக்கியம். இந்தப் பக்கம் ஆவாரஞ்செடிக்குப் பஞ்சமே இல்லை. அலசப் பாலாற்றுத் தண்ணீர். ஏற்றி அனுப்ப ரயில். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றதே இந்த வாலாஜா ரோடில்தான். ஆவாரம் பட்டையில் பதனிட்டுக் கப்பலேறிய தோலுக்கு வெளிநாட்டில் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்றே பெயர். 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் டெல்லியிலோ பம்பாயிலோ வராமல் சென்னை அடையாறில் வந்ததற்கும் காரணம் இருக்கிறது பாருங்கள்.

பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி ஆம்பூருக்குள் நுழைந்தால், ஊர் முழுக்க இரண்டு வாசனை. ஒன்று பிரியாணி. இன்னொன்று தோல். ஷூ கம்பெனி பஸ்களிலிருந்து சாரி சாரியாகப் பெண்கள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். லண்டன்காரன் காலில் போடுகிற ஷூவை இங்கே ஒரு பெண் சாப்பாட்டுக் கூடையோடு போய்த் தைத்துக் கொடுக்கிறாள்.

பாய் வாசலிலேயே காத்திருந்தார். நாங்கள் சைவம் என்பதால் தெருமுனை ஹோட்டலிலிருந்து தயிர் சாதம் வரவழைத்திருந்தார். ஆம்பூருக்குப் போய்த் தயிர் சாதம் சாப்பிட்ட ஒரே ஆசாமி நானாகத்தான் இருப்பேன்.

மாஸ்டர்

ஊருக்கு வெளியே, ஒரு வேப்பமரம், அதன் கீழே ஒரு ஷெட். அங்கேதான் பாய் அழைத்துப் போனார். வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். டேனரியில் நாற்பத்தைந்து வருஷம். இப்போது சோபா, கார் சீட் என்று சில்லறை வேலை பார்க்கிறார்.

கார்க் கதவைத் திறந்தார். ஆஸ்திரேலியாவைப் பார்த்தார். பேசவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரை விரலால் தொட்டு, கறை இல்லாத இடத்தில் வைத்தார். முத்து மாதிரி நின்றது. இன்னொரு சொட்டைக் கறையின் நடுவில் வைத்தார். அது சீட்டுக்குள் இறங்கி, அந்த இடம் மட்டும் கருத்தது.

"யாரு சார் வைத்தியம் பார்த்தது?"

என் சகதர்மிணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு இருவரும் சேர்ந்து எதிர் வீட்டு எஞ்சினியரைக் காட்டிக்கொடுத்தோம்.

மாஸ்டர் சிரித்தார். "தோலுக்கு எண்ணெய் வேணும்தான் சார். ஆனா அதைக் கம்பெனியிலயே குடிக்க வெச்சுத்தான் அனுப்பறோம். எண்ணெயைத் தண்ணியில பால் மாதிரி கலக்கி, பெரிய மர டிரம்முல தோலோட சேர்த்துச் சுத்த விடுவோம். நாரு நாரா உள்ள போயிடும். காய வெச்சு, மெருகு போட்டு, அதுக்கப்புறம் மேல கலர் அடிச்சு, அதுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. கார் சீட்டு முக்கால்வாசி இப்படித்தான் வரும். நீங்க தொடறது தோலை இல்ல சார், அந்தப் பூச்சை. பாட்டில் மூடியைத் திறக்காம மேல எண்ணெய் ஊத்தினா உள்ள போகுமா? அம்மா பிரஷ்ஷால தேய்ச்சதுல மூடி உடைஞ்சுபோச்சு. உடைஞ்ச இடத்துல மட்டும் எண்ணெய் உள்ள போயிருக்கு. மத்த இடத்துல மேலேயே நின்னு தூசியைப் பிடிச்சு வெச்சிருக்கு."

எதிர் வீட்டு லாஜிக்கின் ஓட்டை அப்போதுதான் தெரிந்தது. நம் தோல் உயிரோடு இருக்கிறது. இது பெயிண்ட் அடித்த தோல்!

"சோப்பு?"

"அது இன்னும் மோசம். தோலு கொஞ்சம் புளிப்புக் குணம் சார். சோப்பு கார குணம். ரெண்டுக்கும் ஆகாது."

சீட்டில் வேலை செய்ய வேண்டும் என்பதால் அம்மா இறங்க வேண்டியதாயிற்று. வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாள். மாஸ்டர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நகங்கள் பாதிக்கு மேல் இல்லை. தோல் வெடித்து, வெடித்த இடம் வெளுத்திருந்தது.

"கையில என்னப்பா?"

"சுண்ணாம்பும்மா. பதினாலு வயசுல குழியில இறங்கினேன். உப்புப் போட்டு வர்ற தோலை முதல்ல ஊற வெச்சு உப்பை எடுக்கணும். அப்புறம் சுண்ணாம்புத் தண்ணியில போட்டாத்தான் முடி கழலும். தொடை வரைக்கும் சுண்ணாம்புத் தண்ணியில நின்னுதான் புரட்டுவோம். அப்பல்லாம் கையுறை, பூட்ஸு ஏது? பத்து வருஷம் கழிச்சுத்தான் மேல் பூச்சு செக்‌ஷனுக்கு மாத்தினாங்க."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "கொஞ்சம் குடிக்கத் தண்ணி கிடைக்குமாப்பா?" என்றாள். கொண்டு வந்த கூஜா வாணலி வெயிலில் வேலூரிலேயே காலியாகியிருந்தது.

மாஸ்டர் தயங்கினார். தலையைச் சொறிந்தார்.

எனக்கு வியர்த்துவிட்டது. ஊரில் எங்கள் வீட்டுப் பழக்கம் எனக்குத் தெரியும். எந்த வேலைக்கு வந்தவர்களுக்கு எந்த டம்ளர் என்று கொல்லைப்புறத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த காலத்தை நானே பார்த்திருக்கிறேன். தோல் வேலை செய்கிறவர் வீட்டில் இவர்கள் குடிப்பார்களா என்று அவர் யோசிக்கிறார் என நினைத்தேன். என்ன சொல்வது என்று எனக்கு வார்த்தை வரவில்லை.

"கேன் தண்ணி தீர்ந்துபோச்சும்மா. பேரன் எடுத்தாரப் போயிருக்கான். அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கணும்" என்றார் மாஸ்டர்.

அவர் யோசித்தது அவ்வளவுதான்! கண்டதையும் யோசித்தது நான்தான்.

"கேன் எதுக்கு? அதோ கிணறு இருக்கே" என்றாள் அம்மா.

"அது ஆகாதும்மா."

அம்மா கேட்கிற ஜாதியா? எழுந்து போனாள். வாளியில் இருந்த தண்ணீரைக் கையில் எடுத்து வாயில் விட்டாள். உடனே துப்பினாள்.

"உப்பு! பாலாத்தங்கரையிலயா உப்புத் தண்ணி?"

உப்புக் கணக்கு

மாஸ்டர் கோபமில்லாமல்தான் சொன்னார். "தோலு கெடாம இருக்க உப்பு போடறாங்க இல்லையா? அந்த உப்பு எங்கம்மா போகும்? ஊற வெச்ச தண்ணியோட வெளியில. ரொம்ப காலம் அப்படியே விட்டாங்க. வாய்க்கால்ல போச்சு, ஆத்துல போச்சு, மண்ணுல இறங்கிச்சு. கிணறெல்லாம் போச்சு. எங்கப்பா காலத்துல இந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிச்சோம்."

நாங்கள் வீடு திரும்பிய பிறகு பழைய பேப்பர்களைப் புரட்டிப் பார்த்தேன். இந்தக் கிணறுகளுக்காக வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று டெல்லி வரை போய் வழக்காடியிருக்கிறது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவன்தான் சரிசெய்வதற்கும் பணம் கட்ட வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்று. அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. இருந்தும், 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. மண்ணுக்குள் போன உப்பு, தீர்ப்பு வந்த மறுநாளே வெளியேறிவிடுவதில்லை.

"கம்பெனி மேல கோவமில்லையா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"எப்படி சார் கோவப்படறது? மூணு பசங்களைப் படிக்க வெச்ச சோறு அது. கிணத்தைக் கெடுத்ததும் அதுதான். பசங்க யாரும் தோலு பக்கம் வரலை. பெங்களூர்ல இருக்காங்க. வரும்போது அவங்களும் கேன் தண்ணிதான் குடிக்கறாங்க."

பேரன் மொபெட்டில் இருபது லிட்டர் கேனோடு வந்து இறங்கினான். மாஸ்டரின் மருமகள் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். அம்மா வாங்கினாள். அண்ணாந்து அல்ல, டம்ளரை வாயில் வைத்துக் குடித்தாள். குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாள். எனக்கு நினைவு தெரிந்து, அம்மா சொந்தக்காரர்கள் அல்லாத ஒருவர் வீட்டில் தண்ணீர் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் என் சகதர்மிணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் அது பெரிய விஷயமாகிவிடும்!

மிச்சமிருந்த கேன் தண்ணீரில் ஒரு கிண்ணம் எடுத்து மாஸ்டர் வேலையை ஆரம்பித்தார்.

"இதுக்குமா கேன் தண்ணி?" என்றேன்.

"கிணத்துத் தண்ணியில துடைச்சா காய்ஞ்சதும் வெள்ளையா உப்புப் பூக்கும் சார். கார் சீட்டுக்கே ஆகாத தண்ணி இது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த வாக்கியம் தொண்டையில் நின்றது.

ஆஸ்திரேலியா மறைந்தது

முதலில் மெத்தென்ற பிரஷ்ஷால் தையல் இடுக்குகளில் இருந்த மண்ணையும், குடியேறிய எறும்புகளையும் வெளியேற்றினார். பிறகு கிண்ணத்துத் தண்ணீரில் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு இரண்டே சொட்டு. அதை அடித்து நுரையாக்கி, நுரையை மட்டும் துணியில் எடுத்து, சந்தனம் பூசுகிற மாதிரித் துடைத்தார். சீட்டின் மேல் தண்ணீர் ஊற்றவே இல்லை. வெள்ளைத் துணி பழுப்பானது. வேறு துணி, மறுபடி நுரை. நாலாவது துணி வெள்ளையாகவே வந்தபோதுதான் நிறுத்தினார். வெறும் ஈரத் துணியால் ஒரு துடை, உலர்ந்த துணியால் ஒரு துடை.

உள்ளே இறங்கிய எண்ணெய்க்குச் சோள மாவு. கறையின் மேல் தூவி, "காலையில வாங்க" என்றார். "மாவு எண்ணெயை உறிஞ்சும். அவசரப்பட்டு வெயில்ல வெச்சா தோலு விறைச்சு வெடிச்சுடும்."

இரவு பாய் வீட்டில் தங்கல். மறுநாள் மாவைத் தட்டிவிட்டு, மறுபடி தூவி, மத்தியானம் வரை காத்திருந்து, பூச்சு போன இடத்தில் க்ரீம் கலரைக் கலந்து ஸ்பாஞ்சால் ஒற்றினார். ஒன்று காய்ந்த பின் இன்னொன்று, மெல்லிசு மெல்லிசாக. கடைசியில் நிறமில்லாத மேல் பூச்சு. கலரைச் சேர்ப்பதற்கு அவருக்கு மெஷின் எதுவும் கிடையாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், அவ்வளவுதான்.

அம்மாவின் துண்டை எடுத்துவிட்டு இடது பக்கத்தைப் பார்த்தவர், "இங்க மட்டும் ஒரு சொட்டுக்கூடப் படலையே?" என்றார்.

"பாதி சாம்பார் துண்டுலதான் கொட்டித்து" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

"நல்ல பழக்கம்மா. வெயில் படாம இருக்கவும் இதான் நல்லது. ஆனா ஈரத் துண்டு வேணாம், சாயம் போற துண்டும் வேணாம்."

மாஸ்டர் சொன்னதையெல்லாம் டோல்கேட் ரசீதின் பின்புறம் குறித்துக்கொண்டேன். உங்களுக்கும் உதவும்:

1. முதலில் தூசி, பிறகுதான் ஈரம். மண்ணோடு தேய்த்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி.

2. வாங்கினவுடன் சொட்டுத் தண்ணீர் பரீட்சை. முத்தாக நின்றால் பூச்சுள்ள தோல். உறிஞ்சிக்கொண்டால் பூச்சில்லாத தோல். அதற்கு வீட்டு வைத்தியம் கூடவே கூடாது.

3. பாத்திர சோப்பு, வினிகர், கைக்குப் போடும் சானிட்டைசர், எல்லாம் விரோதிகள். சானிட்டைசர் பூச்சையே கரைக்கும்.

4. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் எதுவும் வேண்டாம். சிக்கு நாற்றமடிக்கும், துணியில் ஒட்டும்.

5. தோலுக்கென்றே விற்கும் கண்டிஷனரை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, துணியில் தொட்டு மெல்லிசாக. மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். பொடிப்பொடி ஓட்டை வைத்த சீட் என்றால் ஓட்டையை அடைத்துவிடக் கூடாது.

6. வெடிப்பு விழுந்துவிட்டால் எந்தக் க்ரீமும் ஒட்ட வைக்காது. பூச்சு வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

7. நிழலில் நிறுத்துங்கள். முடியாவிட்டால் கண்ணாடிக்கு மறைப்பு. புது ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வெளிர் நிற சீட்டில் உட்காராதீர்கள், நீலம் ஏறிவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கதவைத் திறந்து காற்றாட விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை.

8. சீட்டின் நடுப்பகுதி மட்டும் தோலாகவும், பக்கமும் முதுகும் ரெக்ஸினாகவும் உள்ள கார்கள் நிறைய. ரெக்ஸினுக்குக் கண்டிஷனர் தடவுவது பிளாஸ்டிக் பூவுக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

கூலியைச் சொன்னார். கொடுத்தேன். ஒவ்வொரு நோட்டாக எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டு ஆற்காட்டுக்குள் இறங்கி, ஆற்றை ஒட்டி நிறுத்தினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கரை வரை நடந்து வந்தாள். வெகு நேரம் மணலைப் பார்த்தாள்.

"இப்ப தோண்டினா ஊத்து வருமாடா?"

"வரலாம்மா."

"வந்தா குடிக்கலாமா?"

நான் பதில் சொல்லவில்லை.

க்ளைமாக்ஸ்

சம்பந்தி வந்தார். "வாயைத் திறக்காதீங்க. ஒண்ணுமே தெரியலை" என்று என் சகதர்மிணி முதல் நாளே உத்தரவு போட்டிருந்தாள். உண்மைதான். சாய்வாக வெளிச்சம் அடித்தால் மட்டும் ஒரு இடத்தில் பளபளப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆனால் சாவியை நீட்டியபோது என் வாய் தானாகத் திறந்துகொண்டது. திருத்தணி, தூக்கு, ஸ்பீடு பிரேக்கர், எஞ்சினியர், ஆம்பூர், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், சாம்பார் மாதிரியே.

சம்பந்தி முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. மெதுவாகச் சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைக் காருக்கு அழைத்துப் போனார். டிரைவர் சீட்டின் மேல் எப்போதும் கிடக்கும் சின்ன மெத்தையை எடுத்தார். முதுகு வலிக்காகப் போட்டிருக்கிறார் என்று நாங்கள் ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்த மெத்தை அது!

அடியில், நீல மையில், இலங்கை மேப்!

"பேனா கசிஞ்சுடுத்து சம்பந்தி" என்றார் குரலைத் தாழ்த்தி. "உங்க சம்பந்தியம்மாவுக்கு இன்னும் தெரியாது. அந்த மாஸ்டர் இதுக்கு ஏதாவது பண்ணுவாரா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆம்பூர் பயணம். நான், சம்பந்தி, கூடவே அம்மா. "நீ எதுக்கும்மா?" என்றதற்கு, "நானும் வரேன்" என்று மட்டும் சொன்னாள். பின் சீட்டில் வெள்ளைத் துண்டை விரித்தாள்.

"இன்னும் தோல் ஆகலையாம்மா உனக்கு?" என்றேன்.

"அதுக்கில்லைடா. சீட்டுல வெயில் படக்கூடாதுன்னு மாஸ்டர் சொன்னார் இல்லே?" என்றாள். அப்புறம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "டிக்கியில ரெண்டு கேன் நல்ல தண்ணி எடுத்து வை. அவர் ஆத்துக்கு" என்றாள்.